மருமகனின் கடைசிக் கோல்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கார்ப் பார்க்கில், தயிர் வாளியில் நட்ட ஒரு கறிவேப்பிலைக் கன்றுடன் சேர்த்து என் கையில் திணிக்கப்பட்டது. திணித்தவர் மகேந்திரராஜா அங்கிள். நார்த்மீட்டில் வீடு. ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர். இங்கே வாழும் தன் ஊர்க்காரரின் ஒன்றியத்துக்கு நிரந்தரத் தலைவர், தேர்தல் வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

"பிள்ளை, நீர் கதை எழுதுறனீர் எல்லே?"

"ஓம் அங்கிள். எப்பவாவது."

"அப்ப ஒண்டு எழுதித் தாரும். என்ரை மருமகனைப் பற்றி. அவற்றை கெரியர் முழுக்க வரவேணும், சின்ன வயசிலயிருந்து. கடைசியில மட்டும் ஒரு சின்ன சேஞ்ச்."

"என்ன சேஞ்ச்?"

அங்கிள் தன் கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்டைக்கு அவர் விளையாடேல்லை எண்டு எழுதும்."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. சிட்னியில் எங்கள் ஆட்கள் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் கேட்பீர்கள் என்பதால்தான் இந்தக் கதை இத்தனை நீளம்.

"அடுத்த மாதம் அவையள் சுவீடனுக்குப் போகினம்," என்றார். "போறதுக்கு முதல் வேணும். மகள் மயூரா வீட்டில வைச்சு அவருக்கு வாசிச்சுச் சொல்லுவா. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே."

ஆக, இதை வாசிக்கப்போகிற முதல் ஆள் யாரென்று எழுதத் தொடங்குமுன்பே எனக்குத் தெரியும். எந்த எழுத்தாளருக்கும் இது நல்லதல்ல.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது பந்து உருண்டை என்பது மட்டும். அன்றைக்கு நானும் அந்த மைதானத்தில் இருந்தேன். ஆனால் மட்டன் ரோல்ஸ் வரிசையில், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆகவே இனி வருவதெல்லாம் மற்றவர்கள் சொன்னது.

2

முதல் தொடக்கம்:

சுவீடனின் வடக்கே, குளிர்காலத்தில் வெயில் தலையைக் காட்டிவிட்டு உடனே போய்விடும் ஒரு சிற்றூரில், பஸ் ஓட்டுனர் ஒருவரின் மகனாகப் பிறந்த யோனாஸ் பெர்க்லோவ், உறைந்த ஏரியின் மேல் தன் முதல் பந்தை—

(நிறுத்திவிட்டேன். உறைந்த ஏரியை நான் கண்டதில்லை. என் பனி அனுபவம் ஒருநாள் மலைப் பயணம், அதிலும் பாதி நேரம் பஸ்ஸில் வாந்தி. ஏரியின் மேல் பந்து உதைப்பார்களா, அது வேறு விளையாட்டா என்றும் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்:

யோனாஸ் பெர்க்லோவ் சுவீடனின் மேல்மட்ட லீக்கில் தொடர்ந்து இரண்டு பருவங்கள் எல்லோரையும்விட அதிக கோல் அடித்த முன்கள வீரர். பின்னர் நெதர்லாந்துக்குப் போனார். அங்கேயும் அடித்தார். பின்னர் ஜேர்மனி. தேசிய அணியின் மஞ்சள் உடுப்பை அணிந்து, தன் முதல் ஆட்டத்திலேயே தலையால் முட்டி ஒரு கோல் போட்டவர். முப்பதைத் தாண்டியபின் சிட்னிக் கழகம் ஒன்றில் ஒப்பந்தமாகி—

(இது கதையல்ல. பொன்னாடை போர்த்துவதற்கு முன் மைக்கில் வாசிக்கும் அறிமுகவுரை. முடிந்ததும் எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள்.)

மூன்றாவது தொடக்கத்துக்காக நானும் என் கணவர் பிரஷாந்தனும் சோஃபாவில் இருந்து யோனாஸின் பழைய ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தோம். பிரஷாந்தனுக்கு உதைபந்து பைத்தியம். நான் முதல்முறையாக அவருடன் சேர்ந்து ஆட்டம் பார்க்கிறேன் என்ற சந்தோஷத்தில் தேத்தண்ணீர்கூட அவரே போட்டார்.

"பந்தைப் பாக்காதையும். அவரைப் பாரும்," என்றார்.

பார்த்தேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "இவர் ஒண்டும் செய்யேல்லையே. சும்மா நிக்கிறார்."

"அதுதான் அவற்றை வேலை. இப்ப பாரும்."

மற்றவர்கள் எல்லோரும் பந்தை நோக்கி ஓடினார்கள். யோனாஸ் ஓடவில்லை. தூரத்துக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றார். பந்து அங்கே வரும் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. பல தடவை வரவேயில்லை. வராதபோது அவர் கையை விரிக்கவில்லை, யாரையும் ஏசவில்லை. திரும்பி மெல்ல நடந்துபோய், அடுத்த தடவையும் அதே இடத்துக்கு வந்து நின்றார். பிறகு ஒருமுறை பந்து வந்தது.

"வேகம் இல்லாத ஆள்," என்றார் பிரஷாந்தன். "ஆனா பொறுமை எண்டா அப்படி ஒரு பொறுமை. இவரை மார்க் பண்ணுற டிஃபெண்டர்மார் அலுத்துப் போயிடுவினம். அந்த நேரம் பாத்து அடிப்பார்."

சரி, என் ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு காத்திருப்பவனின் கதை. அழகாக எழுதிவிடலாம். ஆனால் அடுத்து எழுதவேண்டியது மாமனாரைப் பற்றி.

3

எனக்குச் சந்தேகம் மகேந்திரராஜா அங்கிள் மீதுதான். ஒரு கதாபாத்திரமாகச் சொல்கிறேன். ஆள் நல்லவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குவார். அப்படிப்பட்ட மனிதர் இப்படியும் செய்தார் என்று எழுதினால் நம்புவீர்களா?

மயூரா அவருடைய ஒரே மகள். மேற்படிப்புக்காகச் சுவீடனுக்குப் போனவள், அங்கே யோனாஸைச் சந்தித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அங்கிள் போகவில்லை. மனைவி விமலாதேவி அன்ரியையும் போக விடவில்லை. ஊர்க்காரர் கேட்டால், "அவள் அங்கை படிக்கிறாள்" என்றார். படிப்பு முடிந்த பிறகும் அதையே சொன்னார்.

பிறகு யோனாஸ் சிட்னிக்கு வந்தார். அவருக்கு இன்னும் பெரிய இடங்களில் இருந்தும் கேட்டு வந்ததாம். மயூரா அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றதால் இந்தப் பக்கம் வந்தார். (இதைச் சொன்னவர் பிரஷாந்தன். வந்த நாளில் இருந்து சிட்னி உதைபந்து உலகம் முழுவதும் இதே ஆச்சரியம்தானாம்: இவர் ஏன் இங்கே?)

ஒவ்வொரு ஞாயிறும் யோனாஸ் நார்த்மீட் வீட்டுக்குப் போனார். சப்பாத்தை வாசலில் கழற்றினார். கையால் சாப்பிடப் பழகினார். அங்கிள் அவருடன் மரியாதையாக வானிலையைப் பற்றிப் பேசினார். வேறு ஆட்கள் வந்துவிட்டால் அறிமுகம் இப்படி நடக்கும்: "இவர் மயூராவின்ரை ஃபிரெண்ட்."

கல்யாணம் கட்டி எத்தனையோ வருஷம். ஃபிரெண்ட்!

* இந்த இடத்தில் என் கை கொஞ்சம் காரமாகிவிட்டது. அங்கிள் மன்னிக்கவேண்டும். கதை கேட்டு வந்தவர் நீங்கள்தான்.

யோனாஸுக்கு அந்த ஒரு தமிழ் வாக்கியம் முழுதாக விளங்கும், அதில் பாதி ஆங்கிலம் என்பதால். விளங்கியும் சிரித்துக்கொண்டு கை கொடுப்பார். அடுத்த ஞாயிறும் வந்து அதே வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார்.

4

இனி அந்த நாள்.

சிட்னியில் எங்கள் ஊர் ஒன்றியங்கள் ஆண்டுக்கொரு முறை உதைபந்துப் போட்டி வைக்கும். ஊருக்கு ஊர். ஊர்களின் பெயரை எழுதமாட்டேன்; எழுதினால் வாட்ஸப்பில் என்னை வறுத்தெடுப்பார்கள். அங்கிளின் ஊர் என்றும் பக்கத்து ஊர் என்றும் வைத்துக்கொள்வோம். அங்கே, தாயகத்தில், இவை இரண்டையும் ஒரு வயல்தான் பிரிக்கிறது. இங்கே அதுவும் இல்லை, ஆனாலும் கிண்ணம் அந்தப் பக்கம் போனால் அங்கிளுக்கு ஒரு வருஷம் சாப்பாடு செமிக்காது.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. ஊரில் பிறந்தவர் ஆடலாம். ஊர்க்காரரின் பிள்ளைகள் ஆடலாம். ஊரில் பெண் எடுத்தவரும் ஆடலாம். இந்த மூன்றாவது விதியால் எங்கள் போட்டிகளில் ஆட்டத்தைவிடச் சம்பந்த ஆராய்ச்சி அதிகம் நடக்கும். யார் யாருக்கு மாப்பிள்ளை, கல்யாணம் எங்கே நடந்தது, எல்லாம் மைக்கில் வரும்.

அன்றைக்கு இறுதி ஆட்டம் சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. அங்கிளின் ஊரின் முன்கள வீரர் சுஜீதன் கணுக்கால் சுளுக்கி வெளியே வந்துவிட்டான். மாற்று ஆள் இல்லை. யோனாஸ் மயூராவுடன் கன்வஸ் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கும் ஆடக்கூடாது என்று அவருடைய கழக ஒப்பந்தத்தில் இருந்தது. அத்தோடு அந்த வாரம்தான் சுவீடனின் தேசிய அணியிலிருந்து திரும்பவும் அழைப்பு வந்திருந்தது, இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அவருடைய அப்பா, அந்தப் பஸ் ஓட்டுனர், ஆட்டத்துக்கு டிக்கெட்கூட எடுத்துவிட்டாராம்.

அங்கிளுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தக் கதிரைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்," என்றார். "ஃபோர் மீ."

மயூரா "அப்பா, நோ" என்றாள். யோனாஸ் மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் பக்கத்து ஊர்க்காரர் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அவர்களுடைய செயலாளர் நித்தியானந்தன் மைக்கைப் பிடுங்கினார்.

"ஒப்ஜெக்‌ஷன்! வெள்ளைக்காரப் பிளேயரை இறக்கேலாது. அவர் எந்த ஊர்? விதியைச் சொல்லுங்கோ!"

கூட்டம் சிரித்தது. நான் ரோல்ஸ் வரிசையில் நின்றபடி இதைக் கேட்டேன். இது நான் நேரடியாகக் கேட்டது. அங்கிள் மேடையில் ஏறி மைக்கைத் திரும்ப வாங்கினார். கொஞ்ச நேரம் மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"அவர் என்ரை மருமகன்," என்றார். "மகேந்திரராஜாவின்ரை மருமகன். எங்கடை ஊர் மாப்பிள்ளை. ஆருக்கும் டவுட் இருந்தா இப்ப கேளுங்கோ."

யாரும் கேட்கவில்லை. யோனாஸ் மயூரா பக்கம் குனிந்து, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் ஜாக்கெட்டைக் கழற்றினார்.

சுஜீதனின் பூட்ஸ் அவருக்குச் சிறிது. லேஸை முழுக்கத் தளர்த்திப் போட்டுக்கொண்டார். ஓகஸ்ட் மாதம், தரை காய்ந்து இறுகியிருந்தது. யோனாஸ் நேரே போய்த் தூரத்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். எங்கள் பெடியங்களுக்கு அங்கே பந்து அனுப்பத் தெரியவில்லை. அவர் ஏசாமல் நின்றார். கடைசியில், ஆட்டம் முடியும் நேரத்தில், ஒரு கோர்னர் உதை. பந்து கோணல்மாணலாக வந்தது. யோனாஸ் எழும்பி நெற்றியால் முட்டினார். கோல்.

இறங்கும்போது வலது முழங்கால் உள்ளே திரும்பியது.

அவ்வளவுதான். ஒரு வாழ்க்கைத் தொழில் முடிந்துபோகிற சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டதெல்லாம் கைதட்டல்.

5

அங்கிள் கேட்ட முடிவு:

யோனாஸ் சிரித்து, "இல்லை, என் கழகம் விடாது" என்று சொல்லிவிட்டார். ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டியில் பக்கத்து ஊர் வென்றது. யோனாஸ் ரோல்ஸ் சாப்பிட்டார். அடுத்த வாரம் சுவீடனுக்குப் பறந்தார். மஞ்சள் உடுப்பு. அப்பா மைதானத்தில் இருந்தார். தூரத்துக் கம்பத்துக்குப் பந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை நார்த்மீட்டில், வீட்டுக்கு வந்தவர்களிடம் அங்கிள் சொன்னார், "இவர் மயூராவின்ரை—

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. (பேனா இல்லை, லப்டொப். ஆனால் நின்றது உண்மை.) நித்தியானந்தன் மைக்கைப் பிடுங்காவிட்டால் அங்கிள் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவே மாட்டார். யோனாஸ் ஆடாத கதையில் அவர் ஃபிரெண்ட்தான். முழங்காலைத் திருப்பிக் கொடுத்தால் மருமகன் போய்விடுகிறார்.

அங்கிளுக்குப் போன் எடுத்தேன். சிக்கலைச் சொன்னேன்.

பின்னால் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டது.

"அப்படியெண்டா அவர் வந்த முதல் நாளிலயே நான் மருமகன் எண்டு சொன்னதா எழுதேலாதே?"

"எழுதலாம் அங்கிள். ஆனா அது நீங்கள் இல்லையே."

"ஓம்," என்றார். "அது நானில்லை." வைத்துவிட்டார்.

அந்த முடிவைத் தூக்கிவிட்டேன். அங்கிளிடம் அப்படிச் சொல்லிவிட்டு எனக்கே மனம் கேட்கவில்லை. உண்மையைத்தான் சொன்னேன், ஆனாலும் வயதான ஒரு மனிதரை அப்படி நறுக்கென்று வெட்டியிருக்கவேண்டாம்.

6

விமலாதேவி அன்ரி கூப்பிட்டா. "வாரும், கதைக்க வேணும். அவர் கோயிலுக்குப் போட்டார்."

குசினிக்குப் போக வழியில்லை. நடையில், ஜன்னல் விளிம்பில், சலவை மெஷினுக்கு மேலே, எல்லா இடத்திலும் தயிர் வாளிகள். எல்லாவற்றிலும் கறிவேப்பிலைக் கன்றுகள்.

"பாரும் இந்தக் கூத்தை. ஒரு வருஷமா இதுதான். அவர் மருமகன் ஹோலுக்க வந்து இருந்தா, இவர் கன்றுக்குத் தண்ணி விடவேணும் எண்டு பின்வளவுக்குப் போயிடுவார். அவர் போகுமட்டும் வரமாட்டார். விட்ட தண்ணியில கன்று அழுகுது. பிறகு புதுசு போடுறார். காண்கிற ஆக்களுக்கெல்லாம் குடுக்கிறார்."

எனக்குத் தந்த கன்றும் அப்படித்தான் என்று புரிந்தது. அது ஏற்கெனவே இலை கொட்டத் தொடங்கியிருந்தது.

"அன்ரி, அங்கிள் அவரை விளையாடக் கேட்டதுக்காகவோ இவ்வளவும்?"

அன்ரி அடுப்பை நிறுத்தினா. சட்டியை மூடினா.

"கேட்டது ஒண்டு. அதுக்கு அவர் சொரி சொல்லியிருப்பார், கஷ்டப்பட்டெண்டாலும். மற்றதுக்குத்தான் அவருக்கு வாய் வரேல்லை."

"மற்றது எது?"

"கோல் விழுந்தவுடனை இவர் கையைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்க ஓடினவர். நான் நினைச்சன் மருமகனைக் கட்டிப்பிடிக்கத்தான் ஓடுறார் எண்டு. பிள்ளை, மருமகன் நிலத்தில கிடக்கிறார். இவர் அவரைத் தாண்டி ஓடினவர். அங்கால நிண்ட எங்கட பெடியங்களைக் கட்டிப்பிடிச்சார். பிறகு கப்பைத் தூக்கினார். போட்டோ எடுத்தவை. நானும் மயூராவும் ஓடிப்போய்ப் பாக்கேக்க அவர் அப்படியே படுத்திருக்கிறார், பல்லைக் கடிச்சுக்கொண்டு. இவர் அங்கால கப்போட நிக்கிறார்."

அந்தப் படத்தை நான் கண்டிருக்கிறேன். ஒன்றியத்தின் ஆண்டு மலரில் அட்டையில் வந்தது. அங்கிள் கிண்ணத்துடன், வாய் நிறையச் சிரிப்புடன். பின்னால் புல்லில் ஏதோ மங்கலாகக் கிடக்கும். யாரோ கழற்றிப் போட்ட ஜாக்கெட் என்று நினைத்திருந்தேன்.

"இதை எழுதட்டோ அன்ரி?"

"எழுதும். அவர் உம்மட்டைக் கதை கேட்டதே அதுக்குத்தான். தன்ரை வாயால சொல்லேலாம கேட்டவர். நான் சொன்னனான் எண்டு போடும், பரவாயில்லை."

போட்டிருக்கிறேன் அன்ரி.

7

யோனாஸைப் பார்க்கப் போனபோது வீடு முழுக்கப் பெட்டிகள். மயூரா பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். யோனாஸ் என்னுடன் ஆங்கிலத்தில் பேசினார். கீழே வருவது என் தமிழ். அவருடைய நிதானத்தை என்னால் கொண்டுவர முடிந்ததா தெரியவில்லை.

மாமா ஒரு கதை எழுதச் சொன்னதாகவும் அதை மயூரா வாசித்துச் சொல்லப்போவதாகவும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியானால் ஒன்று செய்யுங்கள். என் முழங்கால் முன்பே பழுதாகிவிட்டது என்று எழுதுங்கள். கழகத்து டொக்டருக்குத் தெரியும் என்று எழுதுங்கள். அன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் போயிருக்கும்."

"அது உண்மையா?"

"நீங்கள் எழுதுவது கதைதானே."

மயூரா தலை நிமிரவில்லை. ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆகவே உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியப்போவதில்லை.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லுவார், அதை வைத்துக் கதையை முடித்துவிடலாம் என்று உள்ளே ஒரு கணக்கு இருந்தது.

"இருக்கிறது," என்றார். "ஒவ்வொரு முறை படி இறங்கும்போதும் இருக்கிறது. எல்லோரும் நான் இல்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இன்னும் ஒரு கோடைகாலம் ஆடியிருப்பேன். அப்பா டிக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறார்."

அவர் முழங்காலை மெல்ல நீட்டி மடக்கினார். இனி தன் சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கப்போகிறாராம். அவர் போட்ட அத்தனை கோல்களுக்கும் பிறகு, அவர் தொடங்கிய அதே மைதானம்.

பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டேன். "மாமா உங்களைத் தாண்டி ஓடியதைக் கண்டீர்களா?"

"கண்டேன். என் தலைக்குப் பக்கத்தால் போனார். சிரித்துக்கொண்டு போனார்." யோனாஸும் சிரித்தார். "அந்த வீட்டுக்கு எத்தனை ஞாயிறு போயிருக்கிறேன். என்னால் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நான் கையைத் தூக்கினால் அவர் சிரிப்பை நிறுத்திவிடுவார் என்று தெரியும். அதனால் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுக்கலாம் என்று நினைத்தேன்."

மயூரா எழும்பி அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

"அவர் கேட்ட ஒரே விஷயம் அது," என்றார் யோனாஸ். "அதற்கு முன்பும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இப்போது என்னைக் கண்டால் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அதுதான் எனக்குக் காலைவிட நோகிறது. நாங்கள் போனபிறகு அவர் அங்கேயே நின்றுவிடுவார் என்று பயமாக இருக்கிறது."

நான் காரில் ஏறி, எஞ்சினைப் போடாமல் இருந்து அழுதேன். கதையில் இதற்கு இடமில்லை. இருந்தாலும் நீக்கவில்லை.

8

இனி முடிவு.

கடைசியாக ஒன்றை எழுதிப் பார்த்தேன்: கோல் விழுகிறது, அங்கிள் ஓடுகிறார், யோனாஸுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று முழந்தாளிட்டு—

அடித்துவிட்டேன். அது அங்கிளைச் சுகப்படுத்த எழுதியது. மைதானத்தில் நடந்ததை நான் மாற்றமுடியாது. கிண்ணம் நார்த்மீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. படம் அட்டையில் வந்தாயிற்று.

ஆனால் மயூரா, நீர் இதை இப்போது சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறீர். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, யோனாஸுக்கு ஆங்கிலத்திலும் சுவீடிஷிலும் சொல்லிச் சொல்லி வந்திருப்பீர். அம்மா குசினி வாசலில் நிற்பா. யோனாஸ் ஜன்னலோரச் சோஃபாவில், காலை நீட்டிக்கொண்டு. அப்பா தன் கதிரையில்.

அப்பா அங்கேதான் இருக்கிறாரா என்று ஒருக்கால் நிமிர்ந்து பாரும். பின்கதவுப் பக்கம் எழும்பிப் போயிருந்தால் கூப்பிடும். கன்றுகளுக்கு நாளைக்குத் தண்ணீர் விடலாம். இன்றைக்கு விடாமல் இருந்தால் அவை பிழைக்கவும் கூடும்.

அங்கிள், நீங்கள் கேட்ட கதையை நான் எழுதித் தரவில்லை. என்னால் முடியவில்லை, மன்னியுங்கள். உங்கள் கதிரைக்கும் அந்தச் சோஃபாவுக்கும் இடையில் ஒரு சின்ன மேசைதான் இருக்கிறது. உங்கள் மருமகன் இன்றைக்கும் கையைத் தூக்கவில்லை. தூக்கவும் மாட்டார். அவருடைய பழக்கம் உங்களுக்குத் தெரியும்.

மயூரா, இதற்கு மேல் வாசிக்க ஒன்றும் இல்லை. தாள்களை மடித்து வைத்துவிட்டு, அப்பாவுக்குக் கொஞ்சம் வழி விடும்.